மலிவு விலையும் மறைந்திருக்கும் விலையும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



இளைஞருக்குப் பயன்படக்கூடிய பொருளாதார விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். பொருளாதாரம் என்றதும் பாங்குகளும் வரவுசெலவுத் திட்டமுமே எம் மனத்தில் எழுகின்றன. நானோ இன்று கடைகளைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். கடைக்குப் போகாத மனிதர் ஒருவருமில்லை. ஆதலால் என் பேச்சு விளங்கவில்லை என்று எவரும் குறை கூற இடமிராது என்னும் தைரியமே இதற்குக் காரணம்.

நான் பேசப்போகும் கடை எங்கள் சந்தியிலுள்ள கடையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சிறு பட்டினமொன்றில் தோன்றி, அந்த நாட்டின் கிராமங்களையும் புறநகர்களையும் நகரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்ட மலிவு விலைப் பெருங்கடை அது. பட்டினத்தின் ஓரத்திலே நெடுஞ்சாலையை அண்டி, சாளரமில்லாத ஒரு பெட்டியைப் போல அது நிற்கும். முன்னாலே நூற்றுக்கணக்கான மோட்டார் வண்டிகள் நிற்கத்தக்க வெளி. இவ்வகைக் கடைகளில் மிகப் பெரியவற்றின் உள்ளளவு சராசரி 180,000 சதுர அடி வரையில் வரும். எங்கள் யாழ்ப்பாணக் கணக்கிலே சொன்னால், அறுபத்தைந்து பரப்புக் காணியை ஒரே கூரையால் மூடியது போன்றது. உப்பு முதல் உழவுக் கருவி வரை, ஊசி முதல் குளிர்சாதனப் பெட்டி வரை எல்லாம் அந்தக் கூரையின்கீழ் உண்டு.

இக்கடைகளின் கதை 1962ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அந்த ஓராண்டிலே மூன்று பெருங்கடைகள் பிறந்தன. மார்ச்சில் மிச்சிக்கன் மாகாணத்தில் கேமார்ட். மே மாதத்தில் மினசோட்டாவில் டார்கெட். ஜூலை 2ஆம் திகதி ஆர்க்கன்சாஸ் மாகாணத்து றோஜேர்ஸ் என்னும் சிற்றூரில் வோல்மார்ட். மூன்றிலும் முதலில் அற்பமாய் எண்ணப்பட்டது கடைசியாகச் சொன்னதுதான். இன்று உலகமெங்கும் ஏறக்குறைய 21 இலட்சம் பேர் அதிலே வேலை பார்க்கின்றனர். அமெரிக்காவில் மாத்திரம் 4,600க்கு மேற்பட்ட கடைகள் அதற்கு உண்டு.

இதனைத் தொடக்கிய சாம் வோல்ற்றன் என்பவர் முன்னர் ஒரு சிறு கடைக்காரராக இருந்தவர். 1945ஆம் ஆண்டில் ஐயாயிரம் டொலர் சொந்தப் பணமும், மாமனாரிடம் கடனாகப் பெற்ற இருபதினாயிரம் டொலரும் கொண்டு நியூபோர்ட் என்னும் ஊரிலே ஒரு கடையை வாங்கினார். கடை நன்றாக நடந்தது. 1950இல் குத்தகை முடிந்ததும் கட்டட உரிமையாளர் அதனைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்; தம்முடைய மகனுக்கு அந்தக் கடை வேண்டும் என்றார். வளர்த்த கடையை விட்டு, வோல்ற்றன் பென்ரன்வில் என்னும் வேறோர் ஊருக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. சிறு கடைக்காரனின் துயரம் இன்னதென்று அறியாத மனிதரல்லர் அவர் என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன்.

அவர் கற்ற பாடம் மிக எளியது. ஓர் உடுப்பு வகையை டசின் இரண்டரை டொலருக்கு வாங்கி, மூன்று ஒரு டொலராக விற்றுவந்தார். பின்னர் அதே உடுப்பை டசின் இரண்டு டொலருக்குக் கொடுக்கும் ஒருவரைக் கண்டுபிடித்தார். மற்றொருவராயின் பழைய விலைக்கே விற்று, மிஞ்சிய அரை டொலரைப் பெட்டியிலே போட்டிருப்பார். வோல்ற்றனோ நான்கு ஒரு டொலர் என்று விலையைக் குறைத்தார். ஒவ்வோர் உடுப்பிலும் இலாபம் குறைந்தது. ஆனால் சனங்கள் அள்ளிக்கொண்டு போனபடியால் மொத்த இலாபம் பெருகிற்று. குறைந்த இலாபம், நிறைந்த விற்பனை என்னும் இந்தக் கணக்கின்மீதே அவருடைய பெரிய மாளிகை முழுவதும் எழுந்தது.

மற்றப் பெருங்கடைகள் பெரிய நகரங்களை நாடிச் சென்றன. வோல்ற்றனோ ஐயாயிரம், பத்தாயிரம் பேர் வாழும் பட்டினங்களைத் தேடிச் சென்றார். அங்கே போட்டியில்லை. முதலில் ஒரு பண்டகசாலையை அமைப்பார். அதிலிருந்து லொறி ஒரு நாளிற் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்குள் கடைகளை நெருக்கமாகத் திறப்பார். அந்த வட்டாரம் நிறைந்ததும் அடுத்த வட்டாரத்துக்குச் செல்வார். எந்தக் கடையில் எந்தப் பொருள் எவ்வளவு விற்றது என்பதை அன்றன்றே அறிவதற்கு 1980களில் செய்மதி மூலம் தொடர்பு ஏற்படுத்தினார். விற்காத பொருள் கடையிலே முடங்கிக் கிடப்பது ஒழிந்தது. 1988இல் மிசூரி மாகாணத்தில் மரக்கறியும் இறைச்சியும் உட்பட உணவுப்பொருள் முழுவதையும் சேர்த்து விற்கும் பெருங்கடையைத் திறந்தார். அவர் காலமானது 1992இல். பத்தாண்டு செல்லுமுன், 2002இல், வருமானத்தால் அமெரிக்கக் கொம்பனிகளுள் முதலிடத்தை அது பெற்றது.

இவ்வளவும் கேட்டபின், இது முழுவதும் தீமையே என்று கூறுவேன் என நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாற்றமடைவீர்கள். மலிவு விலை ஒரு நன்மை. அதனை ஏளனஞ் செய்வோர் பெரும்பாலும் பசியறியாதோர். பால்மாவுக்கும் பிள்ளையின் சப்பாத்துக்கும் கணக்குப் பார்க்கும் தாய்க்கு நூற்றுக்குப் பத்து ரூபா குறைவு என்பது சாதாரண விஷயமன்று. பெருங்கடை வந்த ஊரில் அக்கம்பக்கத்துக் கடைகளும் விலையைக் குறைக்க நேர்ந்தது என்று ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அன்றியும், சிறு கடைக்காரர் யாவரும் தருமவான்களுமல்லர். ஊரிலே தாம் ஒருவரே என்னும் தைரியத்தில் நினைத்த விலை சொன்னவர்களும் பழுதான சரக்கைத் தலையிற் கட்டியவர்களும் அங்கும் இருந்தனர், இங்கும் இருந்தனர். பெருங்கடையின் கதவு திறந்த அன்றே சனங்கள் ஓடிப்போனதற்கு அந்தப் பழைய கோபமும் ஒரு காரணமே.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அயோவா மாகாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கெனத் ஸ்டோன் என்பவர் 1980களின் பிற்பகுதியிலிருந்து இவ்விஷயத்தை ஆராய்ந்தார். பெருங்கடை வந்த ஊரிலே அதனோடு ஒரே சரக்கை விற்ற கடைகள் நலிந்தன. அது விற்காத பொருளை விற்ற கடைகளும் உணவுச்சாலைகளும் அவ்வூருக்கு வரும் புதிய கூட்டத்தால் ஓரளவு பயனடைந்தன. மிகுந்த நட்டம் அடைந்தவை சுற்றுப்புறச் சிற்றூர்கள். அங்கே பெருங்கடையும் வரவில்லை. இருந்த வாடிக்கைக்காரரோ மோட்டார் வண்டி ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டனர். ஆகவே ஓர் ஊர் தன் இலாபத்தை எண்ணி வரவேற்ற கடை, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்படாத இன்னோர் ஊரின் கடைவீதியை இருளாக்கியது.

வேதனமும் ஆலோசிக்க வேண்டிய விஷயமே. அமெரிக்க சமஷ்டி அரசாங்கம் விதித்த குறைந்தபட்ச வேதனம் 2009 முதல் மணித்தியாலத்துக்கு ஏழேகால் டொலராகவே நிற்கின்றது. 2015இல்தான் வோல்மார்ட் தன் குறைந்தபட்ச வேதனத்தை ஒன்பது டொலராக உயர்த்தியது. அரசாங்கத்தின் உணவு உதவியும் வைத்திய உதவியும் பெற்றுக்கொண்டே வேலை செய்வோர் எந்தெந்தக் கொம்பனிகளில் மிகுதியாக உள்ளனர் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் சபையின் கணக்காய்வு அலுவலகம் சில மாகாணங்களில் ஆராய்ந்து 2020இல் அறிக்கை வெளியிட்டது. முன்வரிசையிலே வோல்மார்ட்டின் பெயரும் இருந்தது. கடையிலே கொடுக்காத விலையின் ஒரு பகுதியைச் சனங்கள் வரியாகக் கொடுக்கின்றார்கள் என்பதே இதன் பொருள். இதைத்தான் மறைந்திருக்கும் விலை என்று தலைப்பிலே குறிப்பிட்டேன்.

சிற்றூர்கள் நிரம்பியபின் பெருங்கடைகள் நகரங்களை நோக்கின. அங்கே எதிர்ப்பு எழுந்தது. கலிபோர்னியாவில் இங்கிள்வூட் என்னும் நகரிலே, வழக்கமான நகரசபைப் பரிசீலனைகளுக்கு உட்படாமல் கடை கட்டுவதற்கு இடந்தரும்படி 2004 ஏப்ரிலில் சனங்களின் வாக்குக் கேட்கப்பட்டது. சனங்கள் மறுத்துவிட்டனர். சிக்காக்கோ நகரசபை 2006இல் பெருங்கடைகள் கூடுதலான வேதனம் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நகரபிதா அதனைத் தடுத்தார். வேலையில்லாத எம் பகுதிக்கு வரும் கடையை ஏன் விரட்டுகின்றீர்கள் என்று ஏழைக் கறுப்பின மக்களிற் பலர் கேட்டனர். அவர்களுடைய கேள்வியிலும் நியாயம் இருந்தது. அதே ஆண்டில் அந்நகரின் முதலாவது வோல்மார்ட் மேற்குப் புறத்திலே திறக்கப்பட்டது.

அன்பர்களே! என் பேச்சின் முக்கியமான இடத்துக்கு இப்பொழுதுதான் வருகின்றேன். பெருங்கடையின் வருகையைப் பற்றியே எல்லாரும் வாதிடுகின்றார்கள். அது திரும்பிப் போகும் நாளைப் பற்றி யோசிப்பவர் சிலரே.

2016ஆம் ஆண்டு ஜனவரியில் வோல்மார்ட் 269 கடைகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றுள் 154 அமெரிக்காவில் இருந்தன. அவற்றிலும் 102, சிற்றூர்களுக்கென்றே 2011 முதல் பரீட்சார்த்தமாகத் திறந்த சிறு கடைகள். வட கரோலினா மாகாணத்திலே ஓரியன்ரல் என்னும் ஊர் ஒன்றுண்டு. ஏறக்குறைய ஆயிரம் பேரே வாழும் கரையோர ஊர். அங்கே ஒரு குடும்பத்தார் நெடுங்காலம் பலசரக்குக் கடை நடத்திவந்தனர். 2014இல் வோல்மார்ட்டின் சிறு கடை வந்தது. போட்டியிட முடியாமல் அடுத்த ஆண்டு குடும்பத்தார் கடையை மூடினர். சில மாதங்கள் செல்லுமுன் வோல்மார்ட்டும் தன் கடையை மூடிவிட்டது. முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. அந்த ஊரின்மீது எவருக்கும் பகையில்லை. தூரத்து அலுவலகமொன்றில் கணக்குப் பார்த்தவர்கள், பரீட்சை சித்தியடையவில்லை என்று ஒரு கோடு கீறினார்கள், அவ்வளவுதான்.

மேற்கு வேர்ஜீனியாவில் மக்டவல் என்னும் பகுதியின் கதை இதனிலும் துயரமானது. நிலக்கரிச் சுரங்கங்கள் செழித்த 1950இல் அங்கே ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் வாழ்ந்தனர். சுரங்கங்கள் ஓய்ந்தபின் தொகை தேய்ந்து 2010இல் இருபத்திரண்டாயிரமாயிற்று. அந்தப் பகுதியின் பெருங்கடையும் அதே 2016இல் மூடப்பட்டது. மலைப்பாதையில் நெடுந்தூரம் போய்ப் பழவகையும் மரக்கறியும் வாங்கும் நிலைமை அங்குள்ள முதியவர்களுக்கு நேர்ந்தது. சிக்காக்கோவிலும் அப்படியே. அந்நகரில் இருந்த எட்டுக் கடைகளிலே நான்கை நட்டம் என்று கூறி 2023இல் மூடினார்கள். ஏன், 1962இல் முதலிற் பிறந்த கேமார்ட்டே 2002இல் வங்குரோத்தாகி, 2024இல் அமெரிக்கப் பெருநிலப்பரப்பிலிருந்த தன் கடைசிப் பெரிய கடையையும் அடைத்துவிட்டது. பெரியது என்பதனாலே நிலையானது என்று எண்ணுவது பிழை.

இதையெல்லாம் எங்களுக்கு ஏன் சொல்கின்றீர் என்று கேட்பீர்கள். எங்களிடம் வோல்மார்ட் வரவில்லைதான். ஆனால் 1983இல் கொழும்பிலே தன் முதற் பல்பொருள் அங்காடியைத் திறந்த கார்கில்ஸ் நிறுவனத்தார், யுத்தம் முடிந்தபின் 2013இல் யாழ்ப்பாணத்திலே பெரிய வணிகக் கட்டடம் ஒன்றைத் திறந்தார்கள். வேறு நிறுவனங்களும் வந்துள்ளன. அவற்றின் வெளிச்சமும் குளிர்ச்சியும் விலைச்சீட்டிலே எழுதிய நேர்மையான விலையும் எனக்கும் பிடிக்கின்றன. நானும் போகின்றேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவற்றைக் கடியவும் இங்கு வரவில்லை.

ஆயினும் கடை இல்லாத நாள் இன்னதென்று அமெரிக்கர் 2016இல் அறிந்ததை எங்கள் தாய் தந்தையர் முன்னமே அறிந்திருந்தனர். 1990களிலே பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் மெழுகுதிரிக்கும் சனங்கள் பட்ட பாட்டை இங்கிருக்கும் பெரியோர்களே எனக்குச் சொல்ல வேண்டும். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மறுபடியும் மூடப்பட்டது. அந்தக் காலத்திலே வரிசையில் நின்ற சனங்களுக்குக் கிடைத்ததைப் பங்கிட்டுக் கொடுத்தது எது? பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளை. கையிற் காசில்லாதவனுக்கு ஒரு சரை சீனியைக் கட்டிக் கொடுத்துக் கடன் கொப்பியிலே எழுதிவைத்தது யார்? சந்திக் கடைக்கார அண்ணை. அவருக்கும் வேறிடம் போக வழியில்லை, எங்களுக்கும் இல்லை. எங்களோடு சேர்ந்து கஷ்டப்பட வேண்டியவராய் இருந்தமையே அவருடைய கடையின் பெறுமதி. அந்தப் பெறுமதிக்கு எந்த விலைச்சீட்டும் இல்லை.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? பகிஷ்காரம் என்று எவராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ளேன். ஏழையைப் பார்த்து, கூடுதல் விலை கொடுத்துத் தருமத்தைக் காப்பாற்று என்று கட்டளையிட எங்களுக்கு உரிமையில்லை. மூன்று காரியங்களை மாத்திரம் பணிவோடு கூற விரும்புகின்றேன்.

முதலாவது, சேர்ந்து வாங்குதல். பெருங்கடையின் பலம் மொத்தமாக வாங்குவதிலே உள்ளது. அந்தப் பலம் பெரியவனுக்கு மாத்திரம் உரியதன்று. 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே இருபத்தெட்டுப் பேர் இருபத்தெட்டுப் பவுண் சேர்த்து மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கத் தொடங்கினார்கள். கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தக் கடையே முன்மாதிரியாயிற்று. அமெரிக்காவிலே ஏஸ் என்னும் பெயருடன் ஆயிரக்கணக்கான இரும்புக் கடைகள் இன்றும் நிலைத்திருக்கின்றன. அவை தனித்தனிக் கடைக்காரருடையவை. மொத்தக் கொள்வனவு செய்யும் கொம்பனி அந்தக் கடைக்காரர்களுக்கே சொந்தம். வயோமிங் மாகாணத்துப் பவல் என்னும் சிற்றூரில், வெளியூர்க் கொம்பனி துணிக்கடையை மூடிவிட்டுப் போனபோது, ஊரவர்கள் ஐந்நூறு டொலர்ப் பங்குகள் வாங்கி 2002இல் தங்கள் கடையைத் தாங்களே திறந்து பல ஆண்டுகள் நடத்தினார்கள். எங்கள் நாட்டிலோ 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேரூன்றிய கூட்டுறவு ஏற்கெனவே இருக்கின்றது. அதன் பொதுக் கூட்டத்துக்கு எங்களில் எத்தனை இளைஞர் போகின்றோம்? கிளைக் கடையின் இறாக்கைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்று முறையிடுகின்றோம். எங்கள் ஆசனங்கள் வெறுமையாய்க் கிடப்பதை மறந்துவிடுகின்றோம்.

இரண்டாவது, சிறு கடைக்காரர் திருந்த வேண்டும். பேராசிரியர் ஸ்டோன் அமெரிக்கக் கடைக்காரருக்குச் சொன்ன புத்தியும் இதுவே: பெருங்கடை விற்கும் பொருளிலே அதனோடு மல்லுக்கு நில்லாதீர்கள், அதனாற் கொடுக்க முடியாததைக் கொடுங்கள். விலையை எழுதிவையுங்கள், நிறையைச் சரியாக நிறுங்கள், பழுதானால் மாற்றிக் கொடுங்கள், வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், வந்தவரை முகமலர்ச்சியோடு வரவேற்று உபசரியுங்கள். கணக்கு எழுதவும், கணனி மூலம் சரக்கிருப்பைப் பார்க்கவும் எமது சங்கத்து மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு உதவலாம் அல்லவா? மிஷன் பாடசாலையில் நாங்கள் படித்தபோது, நற்செய்தியைச் சொல்வதோடு நில்லாமல் நோயாளியின் காயத்தைக் கழுவவும் வேண்டும் என்று ஆசிரியர்கள் கற்பித்தார்கள். எமது சைவமும் தொண்டையே முன்வைத்தது. கணக்குக் கொப்பியும் தொண்டு செய்யத்தக்க இடமே.

மூன்றாவது, வாங்குவோராகிய எங்கள் கடமை. பணம் உள்ள காலத்திலே குளிர்ந்த கடைக்கும், பணம் இல்லாத காலத்திலே கடன் கொப்பிக்கும் போவது நீதியாகுமா? கடன் கொடுக்கும் கடை எங்கள் கைக்காசினாலேயே உயிர்வாழ வேண்டும். பெருங்கடையிலே எதை வாங்கினாலும் வாங்குங்கள். ஆனால் மாதத்தின் ஒரு பங்கையாவது சந்திக் கடையிலும் கூட்டுறவுக் கடையிலும் காசு கொடுத்து வாங்குங்கள். அது தருமமன்று, எங்களுக்கு நாங்களே செய்துகொள்ளும் காப்புறுதி.

வள்ளுவப் பெருந்தகை வணிகருக்குரிய ஒழுக்கத்தைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலிலே, நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுதலே வாணிகம் என்பது அவருடைய கருத்து. அந்த இலக்கணம் விற்பவனுக்கு மாத்திரமன்று, வாங்குபவனுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகின்றது. தராசுக்குத் தட்டு இரண்டு. ஒரு தட்டிலே மலிவு விலை இருக்கின்றது. மற்றத் தட்டிலே எதை வைப்பது என்பதை, ஓரியன்ரல் ஊரவரைப் போலக் கடை பூட்டிய பின்னர் யோசியாமல், பூட்டுமுன்னரே நாங்கள் யோசிக்க வேண்டும்.